மானிப்பாயில் அச்சேறிய வைத்தியம்

நோயாளியும் அவரைப் பராமரிக்கும் வீட்டாரும் வந்திருப்பது என்ன நோய், அது எதனால் வந்தது, இனி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பவற்றை யாரிடம் கேட்டறிவது, கேட்டதை எதைக் கொண்டு நம்புவது என்னும் கேள்விகள் மருத்துவத்தோடு கூடப் பிறந்தவை. மேலைநாட்டு மருத்துவம் தமிழர் வாழும் ஊர்களுக்குள் நுழைந்த 19ஆம் நூற்றாண்டில் இக்கேள்விகள் புதிய கூர்மை பெற்றன. ஏனெனில், அந்த மருத்துவத்தைச் செய்தவர் பேசிய மொழி வேறு, நோயாளி பேசிய மொழி வேறு. அந்த இடைவெளியை நோயாளியின் மொழியிலேயே நூல் எழுதியும், அந்நூலைப் படித்த மருத்துவரை நோயாளியின் ஊரிலேயே இருக்கச் செய்தும் அடைக்க முயன்ற இடங்களுள் யாழ்ப்பாணத்து மானிப்பாய் முதன்மையானது. அம்முயற்சியின் வரலாறு பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வரலாறாகவும் கலைச்சொல் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அது நம்பிக்கையின் வரலாறாகவும் தோன்றும்.

யாழ்ப்பாணத்தில் அதற்கு முன் மருத்துவ நூல்கள் இல்லாதிருக்கவில்லை. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் 'செகராசசேகரம்', 'பரராசசேகரம்' ஆகிய வைத்திய நூல்கள் நோயின் குறி, குணம், மருந்தின் சரக்கு, செய்முறை ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. ஆனால் அவை செய்யுளில் அமைந்தவை, ஏட்டில் இருந்தவை, பரியாரியார் என யாழ்ப்பாணத்தார் மரியாதையோடு அழைக்கும் பரம்பரை வைத்தியரின் வீட்டில், தந்தை மகனுக்கும் ஆசான் மாணவனுக்கும் கையளிக்கும் உடைமையாகக் காக்கப்பட்டவை. தமிழ் மருத்துவ ஏடுகள் பலவற்றில் மருந்துச் சரக்குகளின் பெயர்கள் பரிபாஷை எனப்படும் மறைமொழியில், அதாவது ஒரு பொருளை வேறொரு பெயரால் சுட்டும் குழூஉக்குறியில் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. ஆதலால் ஏடு கைக்குக் கிடைத்தாலும் குருவின் வாய்மொழி இன்றி அது திறவாது. இக்காப்பைத் தன்னலம் என்று மட்டும் கொள்வது பிழையாகும். பாதரசத்தையும் பாடாணத்தையும் மருந்தாக முடிக்கும் முறை பயிற்சியற்றவர் கையில் சிக்கினால் உயிர் போகும் என்ற அச்சம் அதில் இருந்தது; அந்த அச்சம் நியாயமானது. நோயாளி நம்பியது ஏட்டை அன்று. தன் பாட்டனுக்கும் நாடி பார்த்த குடும்பத்தை அவர் நம்பினார். அந்நம்பிக்கை பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டது என்பது உண்மை. சொல்லப்பட்டதை நோயாளி தானே எடுத்துப் பார்த்துச் சரிபார்க்க அதில் வழியில்லை என்பதும் அதே அளவு உண்மை.

அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் காலூன்றியது. மருத்துவரான ஜான் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் சிகிச்சையைத் தொடங்கினார். 1830களில் அவர் சென்னைப் பக்கம் சென்றபின் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையில் அப்பணியை நடத்தினார். அவருக்குப் பின் 1847இல் வந்தவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் பிறந்த அவருக்கு வரும்போது வயது 25. ஆறுமுக நாவலரும் அதே 1822இல் பிறந்தவர் என்பது கருதத்தக்க ஒற்றுமை. சமயத்தில் எதிரெதிர்த் திசைகளில் நின்ற இவ்விருவரும் எளிய தமிழ் உரைநடையை அச்சில் ஏற்றி ஊர் மக்களின் கையில் கொடுக்க வேண்டும் என்பதில் ஒரே பாதையில் நடந்தனர்.

1848இல் மானிப்பாய்க்குக் குடியேறிய கிறீன், சிகிச்சையோடு இளைஞர் சிலருக்கு மருத்துவமும் கற்பித்தார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலம். அம்முறையின் குறையை அவர் சில ஆண்டுகளில் கண்டுகொண்டார். ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் அரசு உத்தியோகத்தையும் பட்டணத்து வருவாயையும் நாடிப் போயினர். அவர்கள் யாருக்காகப் படித்தார்களோ அந்தக் கிராமத்து நோயாளிகள் இருந்த இடத்திலேயே இருந்தனர். 1855இல் மிஷனின் தலைமைச் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் யாழ்ப்பாணம் வந்து சென்றதை அடுத்து, ஆங்கிலவழி உயர்கல்விக்குப் பெயர்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. தாய்மொழிக் கல்வியே மிஷனின் கொள்கை ஆயிற்று. அந்த முடிவு யாழ்ப்பாணத்தாரின் மேற்கல்விக்குப் பெரும் இழப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்ற கிறீனின் எண்ணத்துக்கு அது இடம் கொடுத்தது. 1857இல் அமெரிக்கா சென்று 1862இல் மீண்டு வந்த அவர், 1864 முதல் முழுவதும் தமிழிலேயே மருத்துவ வகுப்பை நடத்தினார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் மொத்தம் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள்.

தமிழில் படிப்பதற்கு நூல் வேண்டும். கட்டர் என்பவரின் பாடநூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரில் 1850களில் வெளிவந்தது. மான்செல் எழுதிய மகப்பேற்று நூல் 1857இல் 'பிரசவ வைத்தியம்' ஆயிற்று. துருவிட்டின் அறுவை மருத்துவ நூல் 1867இல் 'இரண வைத்தியம்' எனவும், கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனவும், ஹூப்பரின் பொது மருத்துவ நூல் அதே ஆண்டில் 'வைத்தியாகரம்' எனவும், பௌன்ஸின் வேதியியல் நூல் 1875இல் 'கெமிஸ்தம்' எனவும் வந்தன. சிலவற்றை மாணவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் திருத்தினார். இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் கையில் இருக்கும் கிரேயின் நூல் இங்கிலாந்தில் முதலில் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அதைத் தமிழில் படிக்க முடிந்தது என்பது எளிதாகக் கடந்துபோகக் கூடிய செய்தி அன்று.

இந்நூல்களின் தலைப்புகளிலேயே கிறீனும் அவரோடு உழைத்த தமிழறிஞரும் பட்ட பாடு தெரிகிறது. உடலின் உறுப்பமைப்பைக் கூறும் கல்விக்கு அவர்கள் வைத்த பெயர் அங்காதிபாதம். இன்று அது உடற்கூற்றியல் எனப்படுகிறது. தலைமயிர் தொடங்கிப் பாதம் ஈறாக ஒருவரின் உறுப்புகளை வருணிக்கும் கேசாதிபாதம் என்னும் இலக்கிய முறையைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அங்காதிபாதம் என்றதும் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லப் போகிறார்கள் என்பது விளங்கிவிடும். உறுப்புகள் தம் தொழிலைச் செய்யும் முறையைக் கூறும் கல்வி சுகரணம் ஆயிற்று. நோய் வராமல் உடலைப் பேணும் கல்வி உற்பாலனம் ஆயிற்று. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசையத் திரித்துக்கொள்வது என்பது அவர்கள் கைக்கொண்ட வரிசை. கெமிஸ்தம் என்ற சொல் மூன்றாம் வழியில் பிறந்தது. வழக்கில் நிலைக்கவில்லை என்றாலும், சொல் கிடைக்கவில்லை என்பதற்காகப் பொருளைக் கைவிடாத மனத்தின் அடையாளமாக அது நிற்கிறது. சொல் தெளிவாக இருப்பது நோயாளிக்கு வெறும் நடையழகு அன்று. தன் உடலுக்குள் நடப்பதைச் சுட்ட ஒரு சொல் கிடைத்தால்தான் அவரால் அதைப் பற்றிக் கேள்வி கேட்க முடியும். கேள்வி கேட்டுப் பெற்ற விடையை வீட்டாருக்குத் திருப்பிச் சொல்லவும் முடியும்.

பாடநூல்கள் மருத்துவ மாணவருக்கு உரியவை. பொதுமக்களுக்கென்று வேறு வகை வெளியீடுகளும் இருந்தன. கண், காது, வாய், தோல் போன்ற உறுப்புகளைப் பேணுவது, தாயையும் சேயையும் பராமரிப்பது, வாந்திபேதி எனப்பட்ட காலராவின்போது நடந்துகொள்வது ஆகிய பொருள்களில் கிறீன் சிறு துண்டுநூல்களை எழுதினார். சில பக்கங்களே கொண்ட இவற்றை நாட்கூலி பெறுபவரும் மடியில் செருகிக்கொண்டு போகலாம். 1841 முதல் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த மிஷனின் 'உதயதாரகை' இதழ் இத்தகைய பொது அறிவுச் செய்திகளுக்கு ஏற்கெனவே வாசகரைப் பழக்கியிருந்தது. எழுத்தறியாதார் மிகுந்த காலத்தில் அச்சிட்ட தாள் யாருக்கு உதவும் என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் புராணத்தை வாசிக்க, மற்றொருவர் பயன்சொல்ல, ஊரே கூடியிருந்து கேட்கும் புராண படனம் என்னும் வழக்கம் ஆழ வேரூன்றியது. வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நூலிலுள்ளது பலரைச் சேரும் என்பதை அந்தச் சமூகம் நன்கு அறிந்திருந்தது. மருத்துவத் துண்டுநூலுக்கும் திண்ணையில் வாசித்துக் காட்டும் ஒரு குரலே போதுமானதாக இருந்திருக்கும்.

1866ஆம் ஆண்டை ஒட்டி யாழ்ப்பாணத்தை வாந்திபேதி தாக்கியபோது இந்த ஏற்பாட்டின் வலிமையும் எல்லையும் ஒருசேர வெளிப்பட்டன. கிறீனிடம் பயின்ற மருத்துவர்கள் ஊர்களில் இருந்தார்கள். நோயாளி நள்ளிரவில் படலையைத் தட்டக்கூடிய தொலைவில், அவர் பேசும் தமிழையே பேசி, அவர் உண்ணும் உணவின் பத்தியத்தை அறிந்தவர்களாக இருந்தார்கள். அச்சிட்ட அறிவுரைக்கு அவர்கள் உயிருள்ள பிணையாக நின்றார்கள். பரியாரியார் குடும்பத்தின் மீது மக்கள் வைத்திருந்த முகமறிந்த நம்பிக்கை கலையாமலே புதிய மருத்துவத்துக்கும் நீண்டது. கிறீன் முயற்சியின் மையச் சிறப்பு என்று கொள்ளத்தக்கது இதுவே. நூல்களின் பக்கக் கணக்கைவிட இது பெரிது. ஆனால் நோயின் காரணத்தை அன்றைய மருத்துவ உலகமே ஒருமனதாக அறிந்திருக்கவில்லை. வாந்திபேதி குடிநீரின் வழியே பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்நோ 1854இல் சான்றுகளோடு காட்டியும், நச்சுக்காற்றே காரணம் என்ற கொள்கை எளிதில் சாயவில்லை. ராபர்ட் காக் அந்நோய்க் கிருமியை அடையாளம் காட்டியது 1884ஆம் ஆண்டை ஒட்டித்தான். ஆகவே மானிப்பாய்ப் பாடநூல்கள் தம் காலத்து அறிவை நேர்மையாகச் சொன்னவை. அந்தக் காலத்து அறியாமையும் அவற்றோடு சேர்ந்தே அச்சேறியது.

மருத்துவ நூல் நம்பத்தக்கதாக நீடிக்க வேண்டுமானால் அதைத் திருத்திக்கொண்டே வர ஆட்கள் வேண்டும். கிரேயின் ஆங்கில நூல் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டு இன்றுவரை வாழ்கிறது. அதன் தமிழ் வடிவத்துக்கு அந்த வாழ்வு கிடைக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் தொடங்கப்பட்டது. அரசு அங்கீகாரமும் சம்பளமும் அந்தப் பக்கம் சேர்ந்தபின், தமிழில் மருத்துவம் படித்தவருக்கு எதிர்காலம் குறுகியது. 1873இல் கிறீன் உடல்நலம் குன்றி ஊர் திரும்பியபின் தமிழ்வழி வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. மாணவர் இல்லாத பாடநூலுக்கு மறுபதிப்பு இல்லை. மறுபதிப்பு இல்லாத நூலில் கிருமிக் கொள்கைக்கும் அதன்பின் வந்த கண்டுபிடிப்புகளுக்கும் இடமில்லை. இரண்டு தலைமுறைக்குள் அந்நூல்கள் நூலகத்துப் பழம்பொருள் ஆயின. நோயாளியோ மீண்டும், தனக்கு விளங்காத மொழியில் எழுதிய சீட்டை மருந்துக் கடைக்காரரிடம் நீட்டி அவர் முகத்தைப் பார்த்து நிற்கும் நிலைக்கு வந்தார். தமிழ் மருத்துவத்தின் அண்மை வரலாற்றில் மிகுந்த வருத்தத்துக்குரிய இழப்புகளுள் இதுவும் ஒன்று.

ஏட்டு மரபோ அழியவில்லை. ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை 'பரராசசேகரம்' முதலிய யாழ்ப்பாணத்து வைத்திய நூல்களை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றினார். பரியாரியார் வீட்டுப் பெட்டியில் கிடந்தது அவ்வாறு பொதுவெளிக்கு வந்ததில், அச்சு நூலுக்கு மானிப்பாய் ஏற்படுத்திக் கொடுத்த மதிப்புக்கும் பங்கு உண்டு என்று கருத இடமிருக்கிறது.

ஊர் திரும்பிய பின்னும் கிறீன் தமிழ் வேலையை விடவில்லை. வூஸ்டரில் தம் குடும்பத்துக்கு உரிய கிறீன்ஹில் இல்லத்தில் இருந்தவாறே கையெழுத்துப்படிகளைப் பார்த்துத் திருத்தினார். தாள்கள் மாசசூசெட்ஸுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கப்பல் தபாலில் போய்வந்தன. டால்டனின் உடலியங்கு நூல் 'மனுஷ சுகரணம்' என்று 1883இல் வெளியானது. அவருடைய கடைசி உழைப்புகளுள் ஒன்று 'இந்து பதார்த்த சாரம்'. இது எட்வர்ட் வேரிங் தொகுத்த இந்திய மருந்துச் சரக்கு நூலின் தமிழாக்கம். நாட்டு மருந்துகளை ஆராய்வோருக்குச் சரக்கின் பெயர் நெடுங்காலமாகவே ஒரு பெருஞ்சிக்கலாக இருந்துவந்தது. ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு வேறு செடிகள் விற்கப்பட்டன, ஒரே செடி நான்கு பெயர்களில் திரிந்தது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் முகைதீன் ஷெரீப் 1869இல் வேரிங்கின் நூலுக்கு எழுதிய துணைநூல், பல இந்திய மொழிப் பெயர்களை ஒப்பிட்டு அக்குழப்பத்தைக் களைய முனைந்தது. கடைத்தெருவில் சுக்கும் கடுக்காயும் கேட்டு வாங்கும் ஒருவருக்கு, தான் கேட்ட சரக்கும் கடைக்காரர் மடித்துக் கொடுத்த சரக்கும் ஒன்றுதானா என்பதைவிட அவசரமான மருத்துவக் கேள்வி வேறு இல்லை. நாட்டுச் சரக்குகளைத் தமிழிலேயே விளக்கும் அந்த நூலின் வேலை அவர் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளில் நடந்தது. 1884 மே மாதம் கிறீன் காலமானார். வூஸ்டரில் உள்ள அவருடைய கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது; மானிப்பாயில் அவர் பெயரில் எழுந்த ஞாபகார்த்த மருத்துவமனைக்குச் சுற்றுவட்டார நோயாளிகள் இன்றும் வருகின்றனர்.