டிரெஸ்ஸர் முதல் நர்சம்மா வரை: நாஞ்சில் நாட்டில் மருத்துவம் ஊருக்குள் வந்த வழி

லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூருக்கு வந்தார். தென் திருவிதாங்கூரில் மிஷன் மருத்துவம் அவரோடுதான் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் அவர் விலகினார், பணியும் நின்றது. 1852இல் டாக்டர் சார்லஸ் கால்டர் லெய்ச் வந்து மறுபடி தொடங்கினார். 1854இல் முட்டத்தில் குளிக்கக் கடலில் இறங்கியவரை அலை கொண்டுபோயிற்று. அதன்பின் 1861இல் டாக்டர் ஜான் லோ வரும்வரை நெய்யூருக்கு மருத்துவர் இல்லை. ஆக முதல் இருபது ஆண்டுகளில் அங்கே மருத்துவம் என்பது ஒருவர் வருவதும் போவதும்தான்.

லோ வேறு வழி பார்த்தார். 1864இல் உள்ளூர் இளைஞர்கள் சிலரைச் சேர்த்து ஒரு மருத்துவ வகுப்பு தொடங்கினார். நோய் பார்த்தல், மருந்து கலக்குதல், புண் கட்டுதல், சிறு அறுவை ஆகியவை பாடம். படித்து முடித்தவர்கள் கிளை மருந்தகங்களுக்குப் போனார்கள். 1868இல் லோ ஊர் திரும்பினார். அடுத்தவரான டாக்டர் தாம்சன் வந்து சேர்ந்தது 1873இல். இந்த இடைவெளியில் பணி நிற்கவில்லை. டிரெஸ்ஸர், கம்பவுண்டர் என்றெல்லாம் அழைக்கப்பட்ட உள்ளூர் ஆட்களே நடத்தினார்கள். நெய்யூர் மருத்துவமனையின் பிறந்த ஆண்டாக 1838ஐக் கொண்டாடுவது வழக்கம். என் கணக்கில் 1864தான் முக்கியமான ஆண்டு. டாக்டர் போனாலும் மருத்துவம் ஊரில் தங்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இந்தக் கட்டுரை அந்த இடைநிலை ஆளைத்தான் பின்தொடர்கிறது. உடல்நோய்க்கு அவர் 1864இலேயே கிடைத்தார். மனநோய்க்கு அப்படியோர் ஆள் இல்லாமலே நூறாண்டுக்கு மேல் கழிந்தது. ஏன் என்பதே கேள்வி.

நடக்க உரிமையுள்ள வழி

அந்நாளில் மருந்தகத்துக்கும் நோயாளிக்கும் இடையே இருந்தது தூரம் மட்டுமல்ல. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரச அறிவிப்பு வந்தது 1859இல், லோ வருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன். எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்ற கட்டு அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. நாகர்கோவிலுக்குப் பக்கத்துச் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக 1926இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. கோயில் நுழைவு அறிவிப்பு 1936இல்தான். இப்படிப்பட்ட நாட்டில், மருந்தகத்தின் ஒரே கூரையின்கீழ் எல்லாச் சாதியாரும் முறை வரக் காத்திருந்ததாக மிஷன் மருத்துவர்கள் பெருமையாக எழுதினார்கள். மதம் பரப்ப வந்தவர்களின் அறிக்கையை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. மருந்துக்கு முன்னால் பிரசங்கமும் உண்டு என்பதை நோயாளிகள் அறிந்தே வந்தார்கள். ஆனாலும் உள்ளூர்க்காரர் ஒருவர் மருந்துப் புட்டியோடு தன் ஊருக்கே வந்து உட்கார்ந்தபோது, நடக்க உரிமையில்லாத தெருவைத் தாண்டிப் போக வேண்டிய தேவை பலருக்குக் குறைந்தது.

நாகர்கோவில் நகரில் இரட்சணிய சேனையின் கதையும் இதே போல எளிய ஆள் ஒருவரில் தொடங்குகிறது. 1890களில் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளம் அதிகாரி, மருத்துவப் பட்டம் ஏதுமின்றி, பயிற்சி இல்லத்தின் குளியலறையை மருந்தகமாக்கி நோயாளிகளைப் பார்த்தார். 1900இல் டாக்டர் பெர்சி டர்னர் வந்தபின் அது கேதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. ஆண்ட்ரூஸ் பின்னாளில் மருத்துவம் முறையாகப் பயின்று, 1919இல் வடமேற்கு எல்லையில் காயம்பட்டவர்களுக்கு உதவும்போது கொல்லப்பட்டார். இறப்புக்குப் பின் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

நெய்யூர் என்றதும் பலருக்கும் நினைவு வருவது எவரெஸ்ட் ஏற முயன்ற டாக்டர் சோமர்வெல். 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூரில் டாக்டர் பியூ ஏறத்தாழ ஒற்றை ஆளாகப் பெருங்கூட்டத்தைச் சமாளிப்பதைக் கண்டு, அங்கேயே தங்கிவிட முடிவு செய்தவர் அவர். 1924இல் மறுபடி எவரெஸ்ட்டுக்குப் போய்வந்தார். நாட்டின் பெயர்பெற்ற குடற்புண் அறுவை நிபுணர்களில் ஒருவரானார். அவர் புகழ் பெரியது, தகுதியானதும்கூட. ஆனால் அவருடைய அறுவை மேசைக்கு ஊர்களிலிருந்து நோயாளியைத் தேர்ந்து அனுப்பியவை கிளை மருத்துவமனைகள். அங்கே இருந்தவர்களின் பெயர் எந்த மலையேற்ற நூலிலும் வராது.

சர்க்காரின் பங்கு

திருவிதாங்கூர் அரசு சும்மா இருக்கவில்லை. 1879இல் அரசு ஊழியர், மாணவர், கைதிகளுக்கு அம்மை குத்துவது கட்டாயமாயிற்று. 1889இல் திருவனந்தபுரத்தில் ஆயுர்வேத பாடசாலை வந்தது. 1928இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் டாக்டர் ஜேக்காக்ஸ் வந்து பொதுச் சுகாதாரத்தை ஆராய்ந்தார். கொக்கிப்புழு முக்கியக் கவலையாக இருந்தது. 1931இல் விளவங்கோட்டை ஒட்டிய நெய்யாற்றின்கரையில் கிராமச் சுகாதாரப் பிரிவு ஒன்று அமைந்தது. நோய் வந்தபின் மருந்து என்பதோடு நில்லாமல், மருத்துவச்சியும் சுகாதாரப் பணியாளரும் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது அதன் முறை. பின்னாளைய ஆரம்ப சுகாதார நிலையத்தின் சாயல் அதில் இருக்கிறது. இன்று வாசலில் வந்து நிற்கும் நர்சம்மாவுக்கு மூதாதை மிஷனின் டிரெஸ்ஸர் மட்டுமல்ல, சர்க்காரின் இந்த மருத்துவச்சியும்தான்.

மனநோய்க்கு அதே அரசு செய்தது நேர் எதிரானது. 1870இல் திருவனந்தபுரத்தில் மனநோய்க் காப்பகம் ஏற்பட்டது. அது இருக்கும் ஊளம்பாறை என்ற இடப்பெயரே பிற்பாடு எல்லை கடந்து கேலிச்சொல்லாகிப் போயிற்று. உடல்நோய்க்கு ஆள் நோயாளியிடம் போனார். மனநோய்க்கு நோயாளியை ஊரிலிருந்து எடுத்துப் போனார்கள். மிஷனும் இதில் விலக்கல்ல. அறுவைக்கத்தியும் குவினைனும் கண்கூடாகப் பலன் காட்டின. சித்தம் கலங்கியவருக்குக் கொடுக்க அன்றைய ஐரோப்பிய மருத்துவத்திடமே ஒன்றும் இல்லை. கையில் மருந்தில்லாத கம்பவுண்டரை ஊருக்கு அனுப்பி என்ன பயன்? இதை நியாயமான காரணம் என்றே கொள்கிறேன். ஆனால் 1950களில் குளோர்புரோமசைன் என்ற மனநோய் மருந்து வந்தபிறகு இந்தக் காரணம் செல்லாது.

ஊளம்பாறைக்குப் போகாதவர்கள்தான் பெரும்பாலோர். அவர்கள் ஆசானிடம் போனார்கள். குமரியின் வர்ம ஆசான்கள் எலும்பு முறிவுக்கும் அடிக்கும் பேர்போனவர்கள்; பிராந்துக்கும் தலைக்கு எண்ணெய், நசியம், கஷாயம் என்று பக்குவம் வைத்திருந்தார்கள். செய்வினை என்று தோன்றினால் மந்திரவாதி. பிறகு கோயில், தர்கா, இல்லாவிட்டால் ராஜாவூர் மிக்கேல் அதிதூதர் ஆலயம் போன்ற இடங்களில் வாரக்கணக்கில் தங்குவது. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளுவது எளிது. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே கூடவே ஓர் உறவினர், தினமும் சிறு வேலை. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். இரண்டுமே மருத்துவத்துக்கு வெளியே நடந்தவை. இடத்தின் புனிதத்தை விட, பக்கத்தில் யார் இருக்கிறார், அவரை யார் கேள்வி கேட்க முடியும் என்பதே வேறுபாடு.

எல்லை நகர்ந்தபோது

1956 நவம்பர் 1 அன்று, இன்றைய குமரி மாவட்டமான நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தன. மொழிக்காகப் போராடிப் பெற்ற வெற்றி அது. மனநோயாளிக்கு அதன் கணக்கு வேறு. நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் இருந்த ஊளம்பாறை இன்னொரு மாநிலத்துக்குப் போயிற்று. சொந்த மாநிலத்தின் மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தள்ளி. ஜனங்கள் கோப்பைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்து, களியக்காவிளை தாண்டிப் போய்வந்தார்கள். 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தபிறகு வடக்கே ஒரு வாசல் திறந்தது. ஆசாரிப்பள்ளத்தில், காசநோய் மருத்துவமனை இருந்த வளாகத்தில், கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 2001இல்.

உடல்நலத்தில் இணைப்பு நல்லதே செய்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள், சுமார் 5,000 பேருக்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர், 1990களின் நடுவிலிருந்து மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாகத் தட்டில்லாத மருந்து, பிறகு 24 மணி நேரப் பிரசவம் என்று ஒரு கட்டமைப்பு வளர்ந்தது. ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் 18.7 லட்சம் பேரில் 82 விழுக்காட்டினர் நகரவாசிகள். பேரூராட்சி என்று பெயர் மாறினால் தென்னந்தோப்பும் நகரமாகிவிடும். ஆள் ஒதுக்கீடு இந்தப் பெயரை வைத்து நடந்தால், பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் படகேறிப் போகவேண்டிய காணிக்காரர் குடியிருப்புகள் எந்தக் கணக்கில் வரும் என்பது யோசிக்க வேண்டியது.

1946இல் போர் (Bhore) சுகாதாரக் குழு, இந்தியாவில் சுமார் 40,000 பேருக்கு ஒரு மனநலப் படுக்கை என்று எழுதியது. படுக்கைகளைப் பெருக்கி இந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது என்று புரிய முப்பது ஆண்டுகள் ஆயின. 1975 வாக்கில் நிம்ஹான்ஸ் சக்கலவாராவிலும், சண்டிகர் மருத்துவர்கள் ராய்ப்பூர் ராணியிலும், ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கே மனநோயை இனங்காணக் கற்றுக்கொடுத்தார்கள். லோ செய்ததுதான், 111 ஆண்டு தாமதமாக. 1982இல் தேசிய மனநலத் திட்டம், 1985இல் பெல்லாரி மாதிரி. 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில் திருச்சியும் ஒன்று. குமரிக்கு அது அதற்குப் பிறகே வந்தது.

திட்டம் நடக்கிற விதத்தைக் கிட்டத்தில் பார்த்தால் பலமும் ஓட்டையும் ஒருசேரத் தெரியும். மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாளில் வட்டார மருத்துவமனைக்கோ சுகாதார நிலையத்துக்கோ வருவார். அம்மா ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு மகனைக் கூட்டிவருவார். ரிஸ்பெரிடோன் எழுதிக் கொடுப்பார்கள். மகனுக்குத் தூக்கம் வரும், சத்தம் அடங்கும். இரண்டு மாதத்தில் "இப்போ சரியாச்சே" என்று மாத்திரையை நிறுத்திவிடுவான். அடுத்த முறை வரவில்லை என்று ஏட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து அவன் வீட்டுக்குப் போய், "என்ன மக்கா, ஆளையே காணல?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். கர்ப்பிணி ஒருவர் பரிசோதனைக்கு வராவிட்டால் நர்சம்மா தேடிப் போகிறார். அது அவருடைய பதிவேட்டில் எழுதப்பட்ட கடமை. மகனைத் தேடிப் போவது அப்படிப்பட்ட கடமையாக இல்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் 70 முதல் 92 விழுக்காடு வரை சிகிச்சை இடைவெளி இருப்பதாகச் சொன்னதற்கு மருத்துவர் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டிவிட முடியாது.

கடற்கரைதான் இதை வேறு விதமாகச் சோதித்தது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சல் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் சுனாமி குடும்பம் குடும்பமாக எடுத்தது. தமிழகக் கரையோரத்தில் அப்போது ஆசிரியர்களுக்கும் ஊர் ஊழியர்களுக்கும் உளவியல் ஆதரவுப் பயிற்சி தரப்பட்டது. துக்கத்தைக் கேட்டுக்கொள்ள மனநல மருத்துவரே வேண்டியதில்லை என்று அரசு செயலில் ஒப்புக்கொண்ட தருணம் அது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர் பலர் கடலிலிருந்து திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய ஒன்றுமில்லாத வீட்டில் துக்கத்துக்கு முடிவு நாள் கிடையாது. அங்கே ஒரு மாத முகாம் போதாது, ஆண்டுக்கணக்கில் வந்துபோகும் முகம் வேண்டும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. 2022 அக்டோபரில் 14416 என்ற டெலிமானஸ் மனநலத் தொலைபேசி உதவி எண் வந்தது. தானே எண்ணை அழுத்தக் கூடியவருக்கு அது உதவும். சந்தேகத்தில் கதவைச் சாத்திக்கொண்டவர் அழைக்க மாட்டார். அவர் கதவைத் தட்டக்கூடியவர் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், உள்ளூர்ப் பெண்களே இரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரைக் கருவியுமாக வீடு வீடாகப் போய், மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மாத்திரையை மாதந்தோறும் கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட பணிகள் அழுத்தம், சர்க்கரை, வலி தணிப்புப் பராமரிப்பு, இயன்முறை சிகிச்சை, சிறுநீரக நோயாளிக்கான டயாலிசிஸ் பை. மனநோய் மாத்திரை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. புதிதாக நோய் கண்டுபிடிக்கவோ மருந்தை மாற்றவோ அவர்களைக் கேட்க வேண்டாம். நிலையான அளவில் இருக்கும் நோயாளிக்கு அடுத்த மாத மாத்திரையைக் கொண்டுபோவதும், வாங்காவிட்டால் செவிலியரிடம் சொல்வதும் சர்க்கரை மாத்திரைக்குச் செய்யும் அதே வேலைதான்.