கிறீஸ் பூதமும் ஒரு தட்டு அப்பமும்

2011 ஆகஸ்ட் மாதம் மட்டக்களப்பில் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு ஒருவன் இரவில் வருகிறானாம். தனியே இருக்கிற பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறானாம். பிடித்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறானாம். பத்திரிகைகள் 'மர்ம மனிதன்' என்று எழுதின. ஊருக்குள் அவன் பெயர் கிறீஸ் பூதம். எங்களில் பலருக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயது. பொழுதுபட்டால் முற்றத்துக்கு இறங்க விடமாட்டார்கள். பெடியன்கள் பொல்லும் டோர்ச்சுமாகச் சந்தியில் காவல் இருந்தார்கள். "என்னகா, நேத்து ஏறாவூர்ப் பக்கம் வந்ததாமே?" என்று வேலிக்கு மேலால் கேட்பதுதான் அந்த நாட்களின் செய்தி அறிக்கை.

இதை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் அந்தக் கதைக்குள்ளே நாட்டின் ஜனாதிபதியும் இருந்தார். அதனால்தான் இதை வரலாறாக எழுதவேண்டும் என்று நினைக்கிறோம்.

இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தைப் பகுதியில் 2008 தொடக்கம் வயதான பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பயத்திலிருந்து கிளம்பிய கதை மலையகம் வழியாகக் கிழக்குக்கு வந்தது. பொத்துவில், காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கிண்ணியா என்று ஊர் ஊராக ஏறியது. இங்கே வந்ததும் கதைக்கு ஒரு புது முடிவு சேர்ந்தது. "துரத்திக்கொண்டு போனோம், ஆமிக் காம்புக்குள்ளே ஓடிட்டான்." சில இடங்களில் சனம் காம்பையும் பொலிசையும் சூழ்ந்துகொண்டது. கிண்ணியாவில் கடற்படை முகாமுக்கு முன்னால் திரண்டார்கள். அப்படி ஒன்றுமே இல்லை, எல்லாம் வதந்தி என்றது அரசாங்கம். அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ச, முகாம்களைத் தாக்கினால் கடும் நடவடிக்கை என்று எச்சரித்தார்.

தேத்தண்ணிக் கடையில் குரலைத் தாழ்த்திக் கதைத்தது வேறு. ஆட்சி நிலைக்கப் பெண்களின் இரத்தம் வேணும் என்று சாத்திரக்காரன் சொல்லிட்டானாம். இல்லையில்லை, பழைய ராசா ஒருவனின் புதையலை எடுக்கிறதுக்குப் பலியாம். மஹிந்த ராஜபக்ச கைக்குள் தாயத்து மாதிரி ஏதோ ஒன்றைப் பொத்திக்கொண்டு திரிவது ஊரறிந்த விசயம். அதையும் இதோடு முடிச்சுப் போட்டார்கள். மூன்றாவது கதை அரசியல் கதை. அவசரகாலச் சட்டத்தை எடுக்கப் போறாங்க, மறுகா ஆமியை இங்க வச்சிருக்க ஒரு சாட்டு வேணுமே என்றார்கள். உண்மையிலேயே ஆகஸ்ட் 25ஆம் திகதி அவசரகாலச் சட்டம் நீக்கப்படுவதாக மஹிந்த பாராளுமன்றத்தில் அறிவித்தார். ஆனாலும் முதல் இரண்டு கதைகளுக்கும் ஒரு ஆதாரமும் கிடையாது. மூன்றாவதும் நிரூபிக்கப்பட்டதில்லை.

ஆதாரமில்லாத கதையை வரலாறு என்ன செய்வது? 1750ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்திலும் இதைப்போல ஒன்று நடந்தது. தெருவில் பிள்ளைகள் காணாமல் போனார்கள். பதினைந்தாம் லூயி மன்னன் குஷ்டரோகம் மாறப் பிள்ளைகளின் இரத்தத்தில் குளிக்கிறான் என்று சனம் கதைத்தது. கலவரம் வெடித்தது. மன்னனுக்குக் குஷ்டரோகம் இல்லை. ஆனால் பொலிஸார் தெருப்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது உண்மை. மன்னனைப் பற்றிச் சொன்னது பொய், பொலிசைப் பற்றிச் சொன்னது மெய்.

எங்கள் கதையையும் அப்படித்தான் படிக்கிறோம். கிழக்கில் யுத்தம் 2007இல் முடிந்தது. காம்புகள் அப்படியே இருந்தன. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஆம்பிளை இல்லாத வீடுகள் ஏராளம். 2010 செப்டம்பரில் வந்த 18ஆவது திருத்தம், ஒருவர் இரண்டு தடவைதான் ஜனாதிபதியாகலாம் என்ற வரம்பைத் தூக்கிவிட்டது. ஆட்சியை விடும் எண்ணம் அவருக்கு இல்லை, காம்பும் போகப்போவதில்லை, தனியே இருக்கும் பெண்ணுக்குக் காவல் யாருமில்லை என்று சனம் நினைத்தது. இந்த மூன்றையும் நேராகச் சொல்ல ஒரு மேடையும் இருக்கவில்லை. பூதத்தின் பெயரில் சொன்னார்கள்.

நேராகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது. ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசனை 2004 மே 31இல் மட்டக்களப்பு நகரிலேயே சுட்டுக் கொன்றார்கள். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24இல், ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர் காணாமல் ஆக்கப்பட்டார். இன்னும் திரும்பவில்லை. ரஷ்யாவில் ஸ்டாலினைப் பற்றிப் பகிடி சொன்னவர்களை 58ஆம் பிரிவின்கீழ் முகாமுக்கு அனுப்பினார்கள். புட்டின் ஜனாதிபதியான 2000ஆம் ஆண்டில் என்டிவியின் 'குக்ளி' பொம்மை நிகழ்ச்சி அவரை ஒரு குள்ளனாகக் காட்டியது. அடுத்த வருடமே அந்தத் தொலைக்காட்சி அரசின் கைக்குள் இருந்த காஸ்ப்ரோமிடம் போனது. பகிடிக்கு இந்த விலை என்றால் சனம் கிசுகிசுக்கத்தானே செய்யும்?

மற்றப்படி நாங்கள் பகிடிக்குப் புதிய ஆக்கள் இல்லை. கண்ணகி கோயில்களை ஒட்டி நடந்த கொம்புமுறியில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் வசைபாடும். கொழும்பு அரசியலுக்கும் பட்டப்பெயர் தாராளம். டி.எஸ். சேனநாயக்க, மகன் டட்லி, உறவினர் கொத்தலாவல, இன்னொரு உறவினர் ஜே.ஆர். என்று தலைமை ஒரே குடும்பத்துக்குள் சுற்றியதால் யூ.என்.பி.யை 'அங்கிள் நெவ்யூ பார்ட்டி' என்றார்கள், அதாவது மாமா மருமகன் கட்சி. 1970 தேர்தலில் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து தருவோம் என்று சிறிமாவோவின் தரப்பு சொன்னது. பிறகு அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக விடாமல் தடுப்புப் போட்டபோது, நெல் விளைகிற எங்கள் பகுதியில் சந்திரன் கதை நன்றாகவே ஓடியிருக்கும்.

ஆனால் எல்லாப் பகிடியும் மேலே இருப்பவனை மட்டும் குத்துவதில்லை. தமிழ்மொழிப் பயன்பாட்டுக்கான ஒழுங்குவிதிகளை டட்லி அரசு கொண்டுவந்தபோது, 1966 ஜனவரி 8இல் கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது. டட்லியின் வயிற்றுக்குள் மசாலா வடை என்பது அந்த நாட்களின் புகழ்பெற்ற கோஷம். இடதுசாரிக் கட்சிகளும் அந்த எதிர்ப்பில் நின்றன. கேலி பிரதமருக்கு, அடி எங்களுக்கு.

வதந்தியும் அப்படித்தான். கிறீஸ் பூதம் என்று சந்தேகித்து மலையகத்தில் ஹப்புத்தளைப் பக்கம் இரண்டு பேரைக் கொன்றார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கும்பலிடம் அகப்பட்டு இறந்தார். 2018 பெப்ரவரியில் எங்கள் பக்கத்து அம்பாறையில், முஸ்லிம் கடைக் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதையோடு கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஒரு கதை காதில் விழும்போது அது அதிகாரத்தைக் கேள்வி கேட்கிறதா, அல்லது பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுக்கிறதா என்று பார்க்கவேண்டும். இது எங்களுக்கு வெறும் ஆய்வுக் கேள்வி இல்லை. வாவியின் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன.

பயம் கொஞ்சம் இளகியதும் பேச்சும் மாறியது. 2014 நவம்பரில் மைத்திரிபால சிறிசேன முதல்நாள் இரவு மஹிந்தவோடு அப்பம் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் எதிரணி வேட்பாளராக வெளியே வந்து நின்றார். அதன்பிறகு இலங்கையில் அப்பம் வெறும் சாப்பாடாக இருக்கவில்லை. யாராவது சிநேகிதன் அதிகம் அன்பு காட்டினால் "என்ன, அப்பம் திண்டுட்டா வாறாய்?" என்பது வழக்கமாயிற்று. மஹிந்தவின் சாத்திரியார் சுமணதாச அபேகுணவர்த்தனவும் மாட்டிக்கொண்டார். இரண்டு வருடம் முன்கூட்டியே வைத்த தேர்தலில் வெற்றி நிச்சயம் என்று சொன்னவர் அவர். 2015 ஜனவரி 8இல் மட்டக்களப்பு மாவட்டம் 80 வீதத்துக்கு மேல் மைத்திரிக்குப் போட்டது. 2011இல் இரத்தம் கேட்டதாகச் சொல்லப்பட்ட சாத்திரக்காரன், நாலு வருடத்துக்குள் சிரிப்புக்குரிய ஆளாகிவிட்டார். இதற்குள்ளும் பயம் இருந்தது. தோற்றிருந்தால் ஆறடி மண்ணுக்குள் போயிருப்பேன் என்று பிறகு மைத்திரியே சொன்னார்.

2022இல் நாடே சிரித்தது. பசிலுக்குக் காகம் என்று பெயர் வைத்துக் கரைந்தார்கள். கோட்டாபய ஜூலை 13இல் மாலைதீவுக்கு ஓடி, சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பினார். முந்திய வருடம் அவர் போட்ட இரசாயன உரத்தடையில் விளைச்சல் போன படுவான்கரை விவசாயிக்கும் அந்தச் சிரிப்பில் பங்கு உண்டு. ஆனால் இங்கே அது அடக்கமான சிரிப்பு. காந்தி பூங்காவில் பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்மாருக்கு, அதே ஆளைப் பார்த்து அத்தனை சீக்கிரம் சிரிக்க வரவில்லை. காலிமுகத்திடலில் இரவிரவாகப் பாடியவர்களுக்கும் எங்களுக்கும் இடையிலிருந்த தூரம் அதுதான்.

அப்பக் கதையும் காகக் கதையும் கைபேசிகளில் பத்திரமாக இருக்கின்றன. கிறீஸ் பூதக் காலத்தில் அம்மாமார் வேலியோரம் கதைத்தது எங்கேயும் பதிவாகவில்லை. மர்ம மனிதன் பற்றிய பத்திரிகைச் செய்தியில் முகாம் அறிக்கை இருக்கும், பொலிஸ் பேச்சாளர் இருப்பார், அந்தப் பெண்கள் யாரை நினைத்துப் பயந்தார்கள் என்பது இருக்காது. அவர்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். உம்மாவிடம், பெரியம்மாவிடம், பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். பெயர் போடத் தேவையில்லை. எந்த ஊர், எந்த மாதம், யார் அனுப்பியதாகச் சொன்னார்கள் என்பது மட்டும் போதும்.