கட்டி உயர்த்தும் கால்சியம்

ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பவை, கழுத்தில் தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள். பெரும்பாலும் நான்கு; ஒவ்வொன்றும் அரிசிமணி அளவுதான். மனித உடலில் அவற்றை 1880இல் விவரித்தவர் சுவீடனின் இவார் சாண்ட்ஸ்ட்ரோம். ஒன்று கட்டியாகி ஹார்மோனை மிகையாகச் சுரந்தால், எலும்பின் கால்சியம் கரைந்து ரத்தத்தில் ஏறும்; சிறுநீரகத்தில் கல் சேரும்.

நோயுற்ற எலும்புக்கு ஈடுகொடுக்கவே சுரப்பி பெருக்கிறது என்றுதான் முதலில் பலர் நம்பினர். வியன்னாவின் ஃபெலிக்ஸ் மாண்டலும் ஒரு டிராம் நடத்துநருக்கு வேறொருவரின் சுரப்பியைப் பொருத்திப் பார்த்தார். பலனில்லை. 1925இல் கழுத்தைத் திறந்து கட்டியை அகற்றினார். சிறுநீரில் கால்சியம் குறைந்தது, எலும்பு வலி தணிந்தது. நிலவிய கருத்துக்கு நேரெதிராகக் கத்தியை எடுத்த அந்தத் துணிவு பெரிது.

பாஸ்டனில் சிகிச்சை பெற்ற கப்பல் தலைவர் ஒருவரின் கதை துயரமானது. எலும்புகள் நலிந்து அவர் உயரமே ஏழு அங்குலம் குறைந்துபோனது. ஆறு அறுவைகளில் சிக்காத கட்டி, 1932இல் ஏழாவதில் மார்புக்கூட்டுக்குள் அகப்பட்டது. சிறுநீரகக் கல்லின் சிக்கலால் சில வாரங்களிலேயே அவர் இறந்தார்.

பிற உறுப்புகளின் புற்றுக்கட்டிகளும் இத்தகைய ஹார்மோனைச் சுரக்கக்கூடும் என்று 1941இல் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் கருதினார். பாராதைராய்டு ஹார்மோனை ஒத்த அந்தப் புரதம் 1987இல்தான் கண்டறியப்பட்டது.