கிழக்கு ஜெர்மனிச் சாலைகளில் ஒற்றர் ஊர்திகள்

ஒற்றாடலுக்கெனத் திருக்குறளில் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். கண்டவர் ஐயுறாத தோற்றம் ஒற்றனுக்கு வேண்டும் என்பது அங்கே கூறப்படும் இலக்கணங்களுள் ஒன்று. மோட்டார் வண்டி தோன்றிய பின்னரும் அவ்விலக்கணம் மாறவில்லை. ஒற்றனுக்கு வேண்டிய தோற்றம் அவன் ஏறிச்செல்லும் வண்டிக்கும் வேண்டியதாயிற்று. இதனை விளக்கும் வரலாறு ஒன்று, பிளவுபட்ட ஜெர்மனியில் 1946 முதல் 1990 வரை நடந்தது.

உடன்படிக்கைகள்

இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியைப் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் பகுதி பகுதியாகப் பிரித்து ஆண்டன. படைத்தலைமைகள் தம்முள் தொடர்புகொள்ள வேண்டி, 1946 செப்டம்பர் 16-ஆம் நாள் பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்சனும் சோவியத் தளபதி மாலினினும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 1947 ஏப்ரலில் பிரான்சும் அமெரிக்காவும் அவ்வாறே செய்தன. சோவியத் பகுதியில் உலவுதற்குப் பிரிட்டிஷாருக்கு 31, பிரெஞ்சுக்காரருக்கு 18, அமெரிக்கருக்கு 14 அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன. சோவியத் குழுக்களும் இவ்வாறே மேற்குப் பகுதியில் இடம்பெற்றன.

பனிப்போர் முற்றவே, தொடர்புக்கென அமைந்த குழுக்கள் வேவு பார்க்கும் குழுக்களாயின. அவர்கள் படைச் சீருடை அணிந்தனர், ஆயுதம் ஏந்தவில்லை, தனி எண்பலகை பூட்டிய வண்டியில் சென்றனர். ஆயினும் டாங்கிகளை எண்ணுவதும் படை ஏற்றிச் செல்லும் இரயில்களைப் படமெடுப்பதுமே அவர்தம் உண்மைப் பணி. அவர்களைப் பின்தொடரும் வேலையைக் கிழக்கு ஜெர்மனியின் இரகசியப் போலீசாகிய 'ஸ்டாசி' ஏற்றது.

தொடர்வதும் தப்புவதும்

ஒரே வண்டி நெடுநேரம் பின்னால் வருமாயின், முன்செல்வோன் கண்ணாடியிலேயே அதனைக் கண்டுகொள்வான். ஆகவே, தேர்ந்த ஒற்றர் தனி வண்டியில் தொடர்வதில்லை. ஒரு வண்டி சிறிது தொலைவு தொடர்ந்து விலகிக்கொள்ளும். வானொலி வழியே செய்தி பெற்ற மற்றொன்று அதன் இடத்தை ஏற்கும். இடையில் இரண்டொரு வண்டிகளைச் செல்லவிடுவர். சில வேளைகளில் பக்கத்துத் தெரு வழியே முன்னேறிச் சென்று காத்திருப்பர். நகரத்து நெரிசலில் இம்முறைகள் எல்லாம் பயன் தரும்.

ஸ்டாசிக்கு வாய்ப்பான இடம் ஒன்று இருந்தது. மேற்கு பெர்லினிலிருந்து பாட்ஸ்டாம் நகருக்குச் செல்லும் குழுக்கள் ஹாவல் ஆற்றின்மீதுள்ள கிளீனிக்கே பாலத்தைக் கடந்தாக வேண்டும். அங்கே காத்திருந்தால் வேட்டையைத் தொடங்கிவிடலாம். நாட்டுப்புறச் சாலைகளிலோ நிலைமை வேறு. போக்குவரவு குறைந்த இடத்தில் மறைந்து வருவதற்கு மற்ற வண்டிகள் இல்லை. இரவில் விளக்கொளியே காட்டிக்கொடுத்துவிடும்.

முன்சென்றோரும் சளைத்தவரல்லர். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிகளையும், பெரிதாக்கிய எண்ணெய்த் தொட்டிகளையும் கையாண்டனர். பிரேக் விளக்கு எரியாதவாறு நிறுத்துவதற்குத் தனி விசை வைத்திருந்தனர். துரத்துவோர் நெருங்கினால் காட்டுப் பாதையில் திரும்பிவிடுவர். தாழ்வான ஸ்டாசி வண்டி சேற்றில் தடுமாறி நிற்கும்.

உயிர்ப்பலி

பின்தொடர்தல் பார்வையாக நின்றவரை இவ்விளையாட்டு பொறுக்கத்தக்கதாகவே இருந்தது. அது தடுத்தலாக மாறியபோது குருதி சிந்திற்று. 1984 மார்ச் 22-ஆம் நாள் ஹாலே நகரருகே, கிழக்கு ஜெர்மன் இராணுவ லாரி ஒன்று பிரெஞ்சுக் குழுவின் வண்டிமீது மோதியது. பிலிப் மரியோத்தி என்னும் படைவீரர் மாண்டார். அது வெறும் விபத்தன்று, முன்னரே வகுத்த திட்டம் என்பது பிற்காலத்தில் வெளிவந்த ஆவணங்களால் தெரியவந்தது.

ஓராண்டு கழித்து, 1985 மார்ச் 24-ஆம் நாள், லுட்விக்ஸ்லுஸ்ட் என்னுமிடத்தில் அமெரிக்க மேஜர் ஆர்தர் நிக்கல்சனைச் சோவியத் காவல் வீரன் சுட்டான். முதலுதவி செய்ய முயன்ற துணைவரும் தடுக்கப்பட்டார். மேஜர் அங்கேயே உயிர் நீத்தார். சோவியத் அரசு 1988-இல் வருத்தம் தெரிவித்தது.

இத்தனைக்குப் பின்னரும் எத்தரப்பும் உடன்படிக்கையை முறிக்கவில்லை. ஏன்? எதிரி திடீர்த் தாக்குதலுக்கு ஆயத்தமாகவில்லை என்பதைக் கண்ணால் கண்டறிதல் இரு சாராருக்கும் பயன் தந்தது. அறியாமை வளர்க்கும் அச்சத்தைவிட, அறியவிடுவதால் வரும் இழப்பு சிறிதென்று வல்லரசுகள் உணர்ந்திருந்தன. ஜெர்மனி ஒன்றுபட்ட நாளுக்கு முந்திய நாளாகிய 1990 அக்டோபர் 2-இல் இக்குழுக்களின் பணி முடிவுற்றது. 1992-இல் ஸ்டாசியின் ஆவணங்கள் திறக்கப்பட்டன. வாழ்நாளெல்லாம் பிறரைத் தொடர்ந்தவர்களின் செயல்களை மக்கள் படித்தறியும் காலமும் வந்தது.

ஒற்றாடல் அரசுக்கு இன்றியமையாததாக இருக்கலாம். ஆயினும், அறிவதற்கென அனுப்பிய ஒற்றனைத் தாக்குவதற்கென ஏவும் அரசு, தன் கண்ணையே கல்லாக்கி எறிகிறது. ஹாலே நகரருகே நடந்தது அதுவே.