நாலணா முன்பணமும் வழக்கின் மதிப்பும்: இந்திய வக்கீல் கட்டணத்தின் வரலாறு

கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களில் வக்கீல் கட்டணத்தைத் தொடக்கத்தில் அரசே வரையறுத்தது. காரன்வாலிஸ் ஆட்சியில் 1793-இல் வங்காளத்தில் பிறந்த ஏழாம் ஒழுங்குவிதி, சன்னது எனப்பட்ட உரிமப் பத்திரம் பெற்றவரே வக்கீலாக வாதாடலாம் என்றதோடு, அவர் வாங்க வேண்டிய தொகையையும் நிர்ணயித்தது. கட்சிக்காரர் வக்காலத்து கொடுக்கையில் முன்பணமாக நாலணா செலுத்தினார். எஞ்சிய கட்டணம், உரிமை கோரப்பட்ட சொத்தின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. மதிப்பு ஏற ஏற விழுக்காடு இறங்கியது. விதித்ததற்கு மேல் வாங்கியவர் தொழிலையே இழக்க நேரும். இந்த விழுக்காடு கோரிக்கையின் மதிப்பைச் சார்ந்ததே அன்றி வெற்றியைச் சார்ந்ததன்று என்பதை மனத்தில் கொண்டால்தான் பின்னாளைய சட்டம் விளங்கும்.

1846-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் வக்கீல் தொழிலை எல்லா இனத்தாருக்கும் மதத்தாருக்கும் திறந்துவிட்டதுடன், கட்சிக்காரரும் வக்கீலும் தமக்குள் பேசிக் கட்டணத்தை முடிவு செய்துகொள்ளவும் இடம் தந்தது. ஆயினும் பழைய அட்டவணை முறை மறையவில்லை. தோற்றவர் வென்றவருக்குக் கொடுக்க வேண்டிய செலவுத்தொகையை அளக்கும் கோலாக அது நிலைத்தது. இன்றும் டிக்ரியின் அடியில் கோர்ட் பீஸ், சாட்சிப்படி ஆகியவற்றோடு எழுதப்படும் வக்கீல் கட்டணம் விதிகளின்படி வருவதே. கட்சிக்காரர் உண்மையில் கொடுத்தது அதனினும் மிகுதியாக இருப்பதே வழக்கமாதலால், வழக்கில் வென்றவரும் பொருளிழப்போடு வீடு திரும்புகிறார். இது நெடுங்காலமாகத் தீராத அநீதி.

இங்கிலாந்திலிருந்து வந்த பாரிஸ்டர் மரபு வேறு வகைப்பட்டது. பாரிஸ்டருக்குத் தரப்படுவது கூலியன்று, மதிப்பூதியம் என்று கருதப்பட்டதால், அதைக் கேட்டு அவர் வழக்குத் தொடுக்க முடியாது. 21 ஷில்லிங் கொண்ட கினியாவில் அங்கே கணக்கிடப்பட்ட அந்த ஊதியம், கல்கத்தாவிலும் பம்பாயிலும் தங்க மொகராவில் கணக்கிடப்பட்டது, அந்த நாணயம் புழக்கம் ஒழிந்த பிறகும்கூட. இவ்வேறுபாட்டை 1926-ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் கட்டணச் சட்டம் பெரிதும் நீக்கியது. கட்சிக்காரருக்காகச் செயல்பட ஒப்புக்கொண்ட எவரும் கட்டணத்தை ஒப்பந்தத்தால் முடிவு செய்யலாம், வராத கட்டணத்துக்கு வழக்கிடலாம் என்ற அச்சட்டமே, கவனக்குறைவால் விளைந்த இழப்புக்கு அவர் பொறுப்பாளி என்றும் கூறியது. உரிமையையும் பொறுப்பையும் ஒருசேர வைத்த அந்த அமைப்பு பாராட்டத்தக்கது.

பேரம் பேசும் உரிமைக்கு ஓர் எல்லை மட்டும் விடாப்பிடியாகக் காக்கப்பட்டது. வழக்குக்குப் பணம் கொடுத்து உதவி, வென்றால் பங்கு பெறும் ஒப்பந்தம் இந்தியாவில் தன்னளவில் செல்லாததன்று என்று பிரிவி கவுன்சில் 1876-இல் தீர்த்திருந்தது. ஆனால் வக்கீலே அப்படிப் பங்கு கேட்பது தொழில் ஒழுக்கக்கேடு என்று, மீட்கும் தொகையில் பாதியைக் கேட்ட பம்பாய் வழக்கறிஞர் ஒருவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954-இல் உறுதிசெய்தது. வழக்கின் முடிவில் தன் பணமும் அடங்கியிருக்கும்போது, நீதிமன்றத்துக்கு அவர் செய்ய வேண்டிய கடமை தளரும் என்பதே அதன் அடிப்படை. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகளும் இத்தடையை ஏற்றுள்ளன.

2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மற்றொரு வாயிலையும் அடைத்தது. கட்டண பாக்கிக்காக ஒரு வங்கியின் வழக்குக் கட்டுகளைத் தம்மிடமே நிறுத்திக்கொண்ட வழக்கறிஞருக்கு அந்த உரிமை கிடையாது என்றும், கட்சிக்காரர் வேறு வழக்கறிஞரை அமர்த்தக் கேட்டால் கட்டுகளைத் திருப்பித் தந்துவிட்டு, பாக்கியைச் சட்ட வழியில் தனியே வசூலிக்க வேண்டும் என்றும் அது தீர்ப்பளித்தது.