புனாவின் ஹுஜூர் தப்தர்

1756-ஆம் ஆண்டில், தகப்பனார் ஜனார்த்தனர் காலமானதன் காரணமாக, பாலாஜி என்ற பதினான்கு வயதுப் பாலகனுக்குப் புனா தர்பாரில் பட்நவீஸ் உத்தியோகம் கிடைத்தது. உத்தியோகம் பிதுரார்ஜிதம், ஆகையால் வயதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அந்தப் பாலகனே பிற்காலத்தில் நானா பட்நவீஸ் என்ற பெயரோடு, நிஜாமையும் ஹைதரையும் ஆங்கிலேயரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தி, 1800-இல் தாம் கண்மூடும் வரையில் பேஷ்வாக்களின் ராஜ்யத்தைக் காத்து நின்றவர் என்பது சரித்திரம் படித்தவர்கள் அறிந்த விஷயம். ஆனால் அவருடைய ராஜதந்திரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த உத்தியோகத்தில் அன்றாடம் என்ன வேலை நடந்தது என்பதை இரண்டு வாக்கியங்களில் தாண்டிப் போய்விடுகிறார்கள். மராட்டிய ராஜ்யம் எதனால் நின்றது, எதனால் விழுந்தது என்று அறிய விரும்புகிறவன் பானிபட் யுத்தகளத்தில் செலவிடும் நேரத்தைவிட அதிகமான நேரத்தைப் புனாவின் ஹுஜூர் தப்தரில் செலவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஹுஜூர் தப்தர் என்பது, பட்நவீஸின் மேற்பார்வையில் இருந்த பேஷ்வாவின் தலைமைக் கச்சேரி. நானாவின் காலத்தில் அதில் ஏறக்குறைய இருநூறு கார்க்கூன்கள், அதாவது நம் பக்கத்தில் குமாஸ்தாக்கள் என்று சொல்லப்படுகிறவர்கள், வேலை பார்த்து வந்தார்கள். கச்சேரிக்கு இரண்டு பெரும் பிரிவுகள். நடப்புக் காரியங்களைக் கவனித்தது சல்தே தப்தர். எல்லா மாகாணங்களிலிருந்தும் வந்து சேரும் பழைய கணக்குகளை வகை பிரித்து, தொகுத்து, சுருக்கம் எழுதி வைத்தது ஏக் பேரீஜ் தப்தர். இரண்டாவது பிரிவு புனாவை விட்டு ஒருபோதும் நகர்ந்ததில்லை. சல்தே தப்தருக்குள்ளே மறுபடியும் கிளைகள் உண்டு. உத்தரவுகள் புறப்படுகிற இடமும் கிராமக் கணக்குகள் சரிபார்க்கப்படுகிற இடமும் பட். அந்தக் கணக்குகளைக் கொண்டு வருஷத்தின் வரவுசெலவுத் திட்டத்தை வகுப்பது பேஹடா. சேனையின் சம்பளத்தையும், சர்தார்களுக்கு விடப்பட்ட ஜாகீர்களையும் கவனிப்பது சரஞ்ஜாம். பட்டில் அன்றன்று எழுதப்பட்ட நாள்வழிக்கு ரோஜ்கீர்த் என்று பெயர். அதில் பதிவாகாத உத்தரவு பிறந்ததாகவே கருதப்படவில்லை.

அந்தக் கார்க்கூன் எழுதிய விதத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாணற் பேனாவை மையில் தோய்த்து, முதலில் காகிதத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரையில் ஒரே இழுப்பாகக் கோடு ஒன்று இழுப்பான். பிறகு அந்தக் கோட்டிலிருந்து தொங்குவது போல மோடி எழுத்துக்களை, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடாமல், பேனாவை எடுப்பதும் தெரியாமல் எழுதிக்கொண்டே போவான். காகிதம் போதாவிட்டால் மற்றொரு துண்டை அடியில் ஒட்டிக்கொள்வான். விஷயம் முடிந்த இடத்தை ஒட்டி ஒரு சிறு முத்திரை விழும். அந்த முத்திரைக்குக் கீழே எவனாவது பின்னால் ஒரு வரியைச் சேர்த்தால் அது செல்லாது. வேகத்துக்காக ஏற்பட்ட எழுத்து அது. வேகமாக எழுதுவதற்கு எவ்வளவு சௌகரியமோ, வேகமாகப் படிப்பதற்கு அவ்வளவு அசௌகரியம் என்பதை, பின்னால் அதைப் படிக்கப் புகுந்த அறிஞர்கள் அனுபவித்தார்கள்.

மாகாணங்களில் இந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதே எனக்கு மிகவும் சுவையாகப் படுகிற பகுதி. மாம்லத்தார் என்பவர் மாகாணத்தின் அதிகாரி. வரி வசூல், நியாய விசாரணை, திருடர்களைப் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் அவரைச் சுற்றி அவரால் நியமிக்கவும் நீக்கவும் முடியாத எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தரக்தார்கள் என்று பெயர்பெற்ற இவர்களுடைய பதவி பரம்பரையாக வருவது. கச்சேரியிலிருந்து வெளியே போகும் கடிதங்களில் திவான் மறு கையெழுத்து இடுவார். கணக்கு பட்நவீஸிடம் போவதற்கு முன் மஜும்தார் தணிக்கை செய்வார். பட்நவீஸ் ஒவ்வொரு காகிதத்துக்கும் தேதி இட்டு நாள்வழியில் ஏற்றுவார். அந்த நாள்வழியிலிருந்து தப்தர்தார் பேரேடு எழுதி, மாதந்தோறும் சுருக்கத்தைப் புனாவுக்கு அனுப்புவார். வசூலான தொகைக்கும் கையிருப்புக்கும் போட்னீஸ் கணக்கு வைப்பார். சில்லறை வழக்குகளின் பதிவேடு சபாசத்தின் கையில். கடிதப் போக்குவரத்து சிட்னீஸின் கையில். எட்டாமவரான போட்தார் நம் சராப்பைப் போல நாணயம் பார்க்கிறவர்.

போட்தாரின் வேலை லேசானதல்ல. ஒரே வகை ரூபாய் நாடெங்கும் செலாவணியான காலம் அல்ல அது. புனாவின் அங்குசி ரூபாய் ஒன்று, சாந்தவட் ரூபாய் ஒன்று, சர்தார்களின் நாணயச்சாலைகளில் அடித்தவை வேறு, மொகலாயப் பழைய ரூபாய்கள் வேறு என்று ஒரே பையில் பல ஜாதி நாணயங்கள் வந்து விழும். ஒவ்வொன்றையும் எடுத்து, ஓசை கேட்டு, தேய்மானம் பார்த்து, இதற்கு இவ்வளவு வட்டம் என்று கழித்துச் சொல்ல வேண்டும். அவர் வாய்ச்சொல்லில் ஒரு கிராமத்தின் கிஸ்தி நிறைவேறவும் கூடும், பாக்கி நிற்கவும் கூடும். இந்த இடத்தில் ஒருவரை மாத்திரம் நம்பலாகாது என்று கருதியே, போட்தார் வேலைக்கு எப்போதும் இருவரை வைத்திருந்தார்கள்.

இவ்வளவும் போதாதென்று, மாம்லத்தார் புனாவுக்கு அனுப்பும் கணக்கு அங்கே ஒப்புக்கொள்ளப்படுவதற்கு, தேஷ்முக், தேஷ்பாண்டே என்ற பழைய வம்சத்துக் காரியஸ்தர்களின் கணக்கோடு அது பொருந்தி வரவேண்டும். அடியில் கிராமத்தில் பாட்டீலும் குல்கர்ணியும். நம் ஊர் மணியக்காரரையும் கர்ணத்தையும் அறிந்தவர்களுக்கு இவர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மனித சுபாவத்தைப் பற்றி எவ்விதமான மயக்கமும் இல்லாதவர்கள் என்று தோன்றுகிறது. ஒருவனை யோக்கியனாக்க முடியாவிட்டாலும், அயோக்கியத்தனம் செய்ய எட்டுப் பேருடைய சம்மதத்தைப் பெறவேண்டிய சிரமத்தையாவது அவனுக்கு உண்டாக்கலாம் அல்லவா?

நாள்வழியில் பதிவான விஷயங்கள் எத்தனை விதம்! மழை பொய்த்த கிராமத்துக்கு வரி வஜா. விதைக்கும் மாட்டுக்கும் தகாவிக் கடன். வைத்தியன் ஒருவனுக்கு மானியம். தபால் கொண்டு ஓடும் ஜாசூதுகளின் கூலி. உயர்ந்த உத்தியோகஸ்தருக்குப் பல்லக்குப் படி, அதற்கும் மேலே ஆப்தாகீர் என்னும் குடை பிடிக்கிறவனுக்கான படி. சிறையில் கிடக்கும் பெரிய மனிதர் தகப்பனாரின் சிராத்தத்துக்கு வீட்டுக்குப் போய்வர அனுமதி. இவையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே கையெழுத்தில், சுங்கப் பாக்கிக்கும் பீரங்கி மருந்துக் கணக்குக்கும் இடையே வருகின்றன. யுத்தத்தில் ஜயித்த செய்திக்கும் மாந்தோப்பின் குத்தகைக்கும் கார்க்கூன் ஒரே அளவு மையைத்தான் செலவிட்டிருக்கிறான்.

நகரத்தின் காரியங்களைக் கோத்வால் பார்த்து வந்தார். சனிவார், புத்வார், சுக்ரவார் என்று கிழமைகளின் பெயரைத் தாங்கிய பேட்டைகளில் விலைவாசியை ஒழுங்கு செய்வது, நிறைகோலையும் படியையும் சோதிப்பது, மனை விற்றதும் வாங்கியதும் பதிவது, ஊருக்குள் வந்தவர் போனவர் கணக்கு வைப்பது, சந்து பொந்துகளைப் பற்றிய தகராறுகளைத் தீர்ப்பது, சர்க்கார் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது, சூதாட்டத்தை அடக்குவது ஆகிய யாவும் அவருக்கு இடப்பட்ட பணிகள். இன்று நகரசபை, போலீஸ், பத்திரப்பதிவு, எடையளவு இலாகா என்று நான்கு கட்டிடங்களில் பரவிக் கிடக்கும் வேலை அன்று ஒரு சாவடியில் நடந்தது. இரவில் பீரங்கி முழங்கிய பிறகு தெருவில் அகப்பட்டவன் விடியும் வரையில் காவலில் இருக்க வேண்டியதுதான்.

அதிகாரம் இப்படி ஒரே இடத்தில் குவிந்தால் என்ன நேரும் என்பதற்குக் காசிராம் கோத்வாலே சாட்சி. 1777-இல் பதவிக்கு வந்த காசிராம், நானாவின் தயவு இருந்ததால் பதினான்கு வருஷம் கேள்வியின்றி ஆண்டார். 1791 ஆகஸ்டில், தெலுங்கு தேசத்துப் பிராமணர்கள் சிலரை, தோட்டத்தில் புகுந்து பழம் பறித்தார்கள் என்று சொல்லி, காற்றோட்டமில்லாத அறையில் அடைத்து வைத்ததில், இருபதுக்கு மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டார்கள். கொதித்தெழுந்த ஜனங்களிடம் காசிராமை ஒப்படைப்பதைத் தவிர நானாவுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கல்லால் அடித்தே அவரைக் கொன்றுவிட்டார்கள். விஜய் தெண்டுல்கர் 1972-இல் இந்தக் கதையை நாடகமாக்கியதால், பேஷ்வா காலத்து உத்தியோகஸ்தர்களில் உலகம் அறிந்த பெயராகக் காசிராமின் பெயரே நிலைத்துவிட்டது. எட்டுப் பேர் சுற்றிலும் உட்கார்ந்திருந்த மாம்லத்தார்களின் கதையை யாரும் நாடகமாக்குவதில்லை.

ஹுஜூர் தப்தரின் க்ஷீணம் இரண்டாம் பாஜிராவின் காலத்தில் ஆரம்பமாயிற்று. அவர் மாம்லத்துகளை அதிகப் பணம் கொடுப்பவனுக்கு ஏலத்தில் விட்டார். ஏலம் எடுத்தவன் கட்ட வேண்டிய தொகை முன்கூட்டியே முடிவாகிவிட்டதனால், கிராமத்தில் என்ன விளைந்தது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கைப் பற்றிப் புனாவில் எவருக்கும் அக்கறை இல்லாமல் போயிற்று. அக்கறையில்லாத கணக்கை எழுதுவார் யார்? நாள்வழியில் இடைவெளிகள் விழுந்தன. காகிதங்கள் வீடுகளுக்குப் போயின. நானாவின் குடும்பத்துக் காகிதங்கள் வாய் என்ற ஊருக்கு அருகில் மேணவலியிலுள்ள அவர் மாளிகையில் தங்கி, பிற்காலத்தில் பாரஸ்நீஸ் என்ற சரித்திர ஆராய்ச்சியாளரின் கைக்கு வந்து சேர்ந்தன. ராஜ்யம் கட்கியில் ஆங்கிலேயரிடம் தோற்றது 1817 நவம்பரில். தப்தரில் அது தோற்றுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

முந்திய காலம் மாசற்றது என்று நான் சொல்லவரவில்லை. தக்ஷிணத்தின் கமிஷனராக நியமிக்கப்பட்ட மௌண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் 1819-இல் எழுதிய அறிக்கையில் தர்பார் செலவு என்ற ஓர் இனத்தைப் பற்றிச் சொல்கிறார். கிராமத்தில் கூடுதலாக வசூலித்த பணத்தின் ஒரு பகுதி, மேலே மந்திரிகளுக்கும் தணிக்கைக்காரர்களுக்கும் ரகசியமாகப் போய்க்கொண்டிருந்ததாம். நாளடைவில் இந்த லஞ்சம் நிலையான கட்டணமாகி, கணக்கிலே தனித் தலைப்பாக ஏறி, மற்றச் செலவுகளைப் போலவே தணிக்கைக்கும் உட்பட்டது. பிறகு அந்தத் தணிக்கையைத் தாண்டுவதற்குப் புதிதாக லஞ்சம் தேவைப்படவே, அதற்கென்று மறுபடியும் ஒரு கூடுதல் வசூல் ஏற்பட்டது! கணக்கு எழுதும் பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தால் ஒரு சமூகம் தன் திருட்டுக்கும் ரசீது வைத்துக்கொள்ளும்!

ஆங்கிலேயர் காகிதங்களின் மதிப்பை உடனே அறிந்துகொண்டார்கள். எல்பின்ஸ்டன் அவற்றைத் திரட்டும் பொறுப்பை மக்லியோட் என்ற அதிகாரியிடம் கொடுத்தார். சாதாராவில் இருந்த கிராண்ட் டப் இத்தகைய ஆதாரங்களைக் கொண்டு எழுதிய மராட்டியர் சரித்திரம் 1826-இல் வெளிவந்தது. ஆனால் கும்பினியாருக்குச் சரித்திரத்தைவிட நிலத்தில்தான் அதிக நாட்டம். 1852-இல் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, இனாம் கமிஷனை அமைத்தார்கள். வரியில்லாமல் நிலம் அனுபவிக்கிறவர் ஒவ்வொருவரும் தம் பாட்டனாருக்கு அது கிடைத்த ஆதாரத்தைக் காட்ட வேண்டும். காட்டிய சந்நதைக் கமிஷன் பேஷ்வாவின் நாள்வழியோடு ஒத்துப்பார்க்கும். கார்க்கூன் என்றோ எழுதிய வரி இருந்தால் நிலம் தங்கும். இல்லாவிட்டால் வரி விழும். தலைமுறை தலைமுறையாக உழுதுண்ட குடும்பங்கள் பல இப்படி நிலத்தையும் மானத்தையும் ஒருங்கே இழந்தன. 1857-க்கு முன் தென் மராட்டிய தேசத்தில் மூண்ட மனக்கசப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். 1863-இல் புதுச் சட்டங்கள் வந்து இந்த விசாரணையை முடித்து வைத்தன. கமிஷன் போயிற்று, அது சேர்த்த காகிதக் குவியல் புனாவில் நின்றது.

ருமால் என்னும் சதுரத் துணிகளில் மூட்டையாகக் கட்டப்பட்டு, முப்பதாயிரத்துக்கு மேல் எண்ணிக்கை கொண்ட அந்தக் குவியலைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட சர்க்காருக்கு வெகுகாலம் மனம் வரவில்லை. நாள்வழிகளிலிருந்து ராவ் பகதூர் கணேஷ் சிம்னாஜி வாட் பிரதி எடுத்த பகுதிகளைப் பற்றி, மகாதேவ கோவிந்த ரானடே தம் அந்திம வருஷமான 1900-இல் ஒரு முன்னுரை எழுதினார். மராட்டியரின் உண்மையான சரித்திரம் ஜனங்களின் அன்றாட வாழ்விலும் நிர்வாகத்திலும் கிடக்கிறது என்ற கருத்தை அதில் நிலைநாட்ட அவர் முயன்றார். கதவு நன்றாகத் திறந்தது அதற்கும் முப்பது வருஷம் கழித்துத்தான். பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றிருந்த கோவிந்த சகாராம் சர்தேசாய், அறுபத்து நான்காம் வயதில், மோடி படிக்கத் தெரிந்த சில எழுத்தர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். நண்பரும் சரித்திராசிரியருமான ஜதுநாத் சர்க்காரின் ஊக்கமும் இருந்தது. ஐந்து வருஷத்துக்குள் நாற்பத்தைந்து தொகுதிகள் அச்சாகிவிட்டன. இருநூறு கார்க்கூன்களின் உழைப்பை, ஓய்வுபெற்ற ஒருவர் இப்படி உலகத்துக்குக் கொண்டுவந்தார்.

நம்மவர்களுக்கும் இதில் பாத்தியதை உண்டு. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டிய மன்னர்களின் கச்சேரியிலும் இதே மோடியில்தான் கணக்கு எழுதினார்கள். சரஸ்வதி மகாலில் மூட்டை மூட்டையாகக் கிடந்த அந்த ஆவணங்களிலிருந்து ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. சத்திரத்துச் சாப்பாட்டுச் செலவும் அரண்மனைச் சம்பளப் பட்டியும் அவற்றில் உண்டு.

புனா தப்தரின் மூட்டைகளை இன்றும் அவிழ்க்கிறார்கள். இனாம் நில வழக்குக்காரர்களும் வம்சாவளி தேடுகிறவர்களும் அத்தாட்சிப் பிரதிக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். 2023-இல் மராட்டா சமூகத்தார் இடஒதுக்கீடு கேட்டுப் போராடியபோது, எவருடைய முன்னோர் பழைய ஏடுகளில், ஏற்கெனவே இடஒதுக்கீடு பெற்றுவரும் குன்பி சமூகத்தார் என்று பதிவாகியிருக்கிறார்களோ அவர்களுக்குச் சான்றிதழ் தரலாம் என்று மகாராஷ்டிர அரசு தீர்மானித்து, ஓய்வுபெற்ற நீதிபதி சந்தீப் சிண்டேயின் தலைமையில் குழு அமைத்தது. மாவட்டந்தோறும் வருவாய்த்துறை ஊழியர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினார்கள். மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எங்கும் கிராக்கி ஏற்பட்டது.