வடசென்னையில் ஏழைகளுக்கான சிறுநீரக மருத்துவம்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை துறைமுகத்தையும் ஆலைகளையும் மீன்பிடித் தொழிலையும் நம்பியுள்ள வடசென்னைப் பகுதிகளாகும். இப்பகுதி ஏழைகளின் பெரிய புகலிடம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. முதியவர்கள் இதனை ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பர். 1782-இல் பஞ்சத்தில் வாடியோருக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரமே இதன் தொடக்கம்.

விலைபோன சிறுநீரகம்

நாள்பட்ட சிறுநீரக நோய் முற்றினால் டயாலிசிஸ் எனும் இரத்தச் சுத்திகரிப்போ, மாற்றுச் சிறுநீரகமோ தேவை. டயாலிசிஸ் வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் செய்யப்படுகிறது. தினக்கூலி பெறுபவரால் இச்செலவைத் தாங்க இயலாது.

மறுபுறம், பணமுள்ள நோயாளிகளுக்காக ஏழைகளின் சிறுநீரகங்கள் விலைபேசப்பட்டன. இதனால் வில்லிவாக்கம் ‘கிட்னிவாக்கம்’ என்று இழிபெயர் பெற்றது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. ஆயினும், அன்பின் பொருட்டு உறவினரல்லாதவரும் தானம் செய்யலாம் என்ற விதிவிலக்கைத் தரகர்கள் பயன்படுத்திக்கொண்டனர். 2004 சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் பலர், கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007 சனவரியில் வெளிவந்தது. பேசிய தொகைகூட அவர்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

மாற்று வழிகள்

1993-இல் தொடங்கப்பட்ட டேங்கர் அறக்கட்டளை, குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் அளிக்க முன்வந்தது. 2008-இல் மூளைச்சாவு அடைந்த மாணவர் இதயேந்திரனின் உறுப்புகளைப் பெற்றோர் தானம் செய்தனர். அதன்பின் அரசின் உறுப்புதானத் திட்டம் வலுப்பெற்றது. பணத்தின்படி அன்றி, பதிவுசெய்த காத்திருப்போர் வரிசைப்படி உறுப்பு வழங்கும் முறை வேரூன்றியது.

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. இவற்றால் டயாலிசிஸும் மாற்று அறுவை சிகிச்சையும் ஏழைகளுக்கு எட்டின. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்குத் திரவப் பைகளை வீட்டிற்கே கொண்டுசேர்க்கிறது.

எஞ்சியுள்ள பணி

சிகிச்சை இலவசமானாலும், இழந்த கூலியையும் போக்குவரத்துச் செலவையும் காப்பீடு ஈடுசெய்வதில்லை. எனவே நோயை முன்கூட்டியே தடுப்பதே ஏழைக்கு உண்மையான உதவியாகும். டாக்டர் எம்.கே. மணியின் சிறுநீரக உதவி அறக்கட்டளை, சென்னையை அடுத்த கிராமங்களில் இதைச் செய்துகாட்டியது. பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்தனர். நோய் தெரிந்தவர்களுக்கு மலிவான மருந்துகள் வழங்கப்பட்டன.

சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமுமே சிறுநீரகச் செயலிழப்பின் முதன்மைக் காரணங்கள். தொடக்கத்தில் வலியோ வேறு அறிகுறியோ தெரிவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கொரு முறை செய்யும் எளிய பரிசோதனை, பிற்காலத்தில் ஒரு குடும்பம் கடனில் மூழ்குவதைத் தடுக்கக்கூடும்.